ஓரியின் அம்பும் உயிரினக் கணக்கும்

கொல்லிமலைச் சூழலைச் சங்கப் பாடல்வழி ஆராய்வோர் புறநானூற்றின் 152ஆம் பாடலைச் சான்று காட்டும் போக்கு உண்டு. வல்வில் ஓரியின் ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலி, மான், பன்றி ஆகியவற்றை ஊடுருவி, உடும்பில் சென்று தைக்கிறது. இதனை அக்கால விலங்கினப் பட்டியலாகக் கொண்டு, இன்றைய காட்டோடு ஒப்பிட்டு அழிவை நிறுவுவது முறையியற் பிழை. வன்பரணர் பாடியது வில்லாற்றலை. அவ்வுயிர்களின் வரிசை அம்பின் விசைக்கு அளவுகோலேயன்றித் தொகைக் கணக்கு அன்று.

ஈராயிரம் ஆண்டு இடைவெளியுள்ள இரு புள்ளிகளைக் கொண்டு மாற்றத்தின் வேகத்தையோ காரணத்தையோ கூற இயலாது. நெடுங்கால ஆய்வு என்பது ஒரே நிலத்துக்கு மீண்டும் மீண்டும் செல்வது. முதுமலையில் இந்திய அறிவியல் கழகம் 1988இல் தொடங்கிய 50 ஹெக்டேர் ஆய்வுக்களத்தில் 1 செ.மீ. விட்டம் எட்டிய தண்டுகள்கூட எண்ணிடப்பட்டுத் தொடர்ந்து அளக்கப்படுகின்றன. அதனால்தான் அங்கு வறட்சி, தீ, யானை ஆகியவற்றின் விளைவுகளைத் தனித்தனியே வினவ முடிகிறது. கொல்லிமலையில் சிட்டிபாபுவும் பார்த்தசாரதியும் நான்கு சோலைகளில் இவ்விரண்டு ஹெக்டேர் பரப்பில் மரங்களைக் கணக்கிட்டு 2000இல் வெளியிட்ட ஆய்வு அத்தகைய தொடர்ச்சிக்கு ஏற்ற அடித்தளம். திணையாய்வாளர் அதனைக் கருதாது ஓரியிடமே திரும்புவது வியப்பளிக்கிறது.

சோலைக்கு வெளியே மாற்றம் இன்னும் அண்மையது. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த நிலங்களில் மரவள்ளி பரவியதைக் கண்ட மலையாளிப் பழங்குடி முதியோர் இன்றும் உள்ளனர். அவர்கள் வழங்கும் விதைவகைப் பெயர்களை ஊர்வாரியாகத் திரட்டி, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே ஊர்களில் மீண்டும் கேட்டுப் பதிதல் தமிழாய்வாளர்க்கு இயலும் களப்பணி. எப்பெயர் எக்காலத்தில் வழக்கொழிந்தது என்பதை அப்பதிவே காட்டும், பாடல் காட்டாது.