குட்டி இழந்த கரடி

விலங்குகளையும் பறவைகளையும் உவமையாக்கி இறைவனின் தண்டனையையும் அருளையும் கூறுதல் விவிலிய நூல்களில் பெருவழக்கு. இவற்றுக்கு உரை கூறுவோர் சிலர், சிங்கமும் கரடியும் சினத்துக்கு, கோழியும் ஆட்டுக்குட்டியும் அருளுக்கு என்று இரு பட்டியல் வகுத்து அமைவர். அப்பட்டியல் நினைவில் வைக்க எளிது. ஆயின் நூலுக்குப் பொருந்துவதன்று.

வினை, பயன், மெய், உரு என்னும் நான்கின்வழி உவமை தோன்றும் என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. பட்டியலிடுவோர் விலங்கின் உருவில் நின்றுவிடுகின்றனர். விவிலியப் புலவர்களோ அதன் வினையை நோக்குகின்றனர். கழுகே இதற்குச் சான்று. உபாகமம் 32ஆம் அதிகாரத்தில் அது கூட்டைக் கலைத்துக் குஞ்சுகளைப் பறக்கத் தூண்டி, அவற்றைத் தன் சிறகில் தாங்கும் தாய். ஓசேயா 8ஆம் அதிகாரத்தில் அதுவே மக்கள்மேல் பாய வரும் பகைக்கு உவமை. எபிரேய மூலத்தில் இரண்டிடத்தும் 'நெஷர்' என்னும் ஒரே சொல்லே நிற்கிறது. பறவை மாறவில்லை, அதன் தொழிலே மாறியது.

ஓசேயா கி.மு. 8ஆம் நூற்றாண்டினர், வடநாடாகிய இசுரவேலில் வாழ்ந்தவர். அந்நாடு கி.மு. 722 அளவில் அசீரியரிடம் வீழ்ந்தது. அவர் நூலின் 13ஆம் அதிகாரத்தில் இறைவன் தன்னைச் சிங்கத்துக்கும், வழியோரம் பதுங்கும் சிறுத்தைக்கும், குட்டிகளைப் பறிகொடுத்த கரடிக்கும் ஒப்பிடுகிறான். முன்னவை இரண்டும் இரை தேடுவன. கரடி அத்தகையதன்று. அதைச் சீற வைப்பது பசியன்று, இழப்பு.

கரடி இழந்த குட்டி யார்? கவர்ந்தவர் யார்? 11ஆம் அதிகாரம் இசுரவேலரை, இறைவன் நடை பயிற்றி வளர்த்த பிள்ளை என்கிறது. 13ஆம் அதிகாரத்தில் கரடி பாய்வதும் அம்மக்கள்மேலேயே. எனின், தொலைந்த குட்டியும் அதைக் கவர்ந்த கள்வனும் ஒருவரே! தன்னைத் தானே தாயிடமிருந்து களவாடிக்கொண்ட பிள்ளையை நோக்கியே தாய் சீறுகிறாள். உவமையின் ஆற்றல் இம்முரணில் இருக்கிறது. கரடியைச் சினத்தின் பட்டியலில் மட்டும் சேர்ப்பவர் இதனைக் காணார்.

தமிழருக்கு இக்கருத்து முற்றிலும் புதிதன்று. இறைவன் ஒறுப்பதும் கருணையே என்னும் சைவ சித்தாந்தம், அறக்கருணை, மறக்கருணை எனப் பெயரிட்டு வழங்குகிறது. சிவஞான சித்தியார் இதற்குப் பிள்ளையை அடித்துத் திருத்தும் பெற்றோரை உவமை கூறும். ஆயினும் வேறுபாடு ஒன்று உண்டு. அங்கே ஒறுப்பவர் நிலை கலங்காதவர், திருத்துவதே நோக்கம். ஓசேயா காட்டும் இறைவனோ புண்பட்டவன். இதனைச் சொல்வது தண்டனையின் கொடுமையைக் குறைப்பதற்கன்று. அக்கரடி நெஞ்சைக் கிழிக்கவே செய்கிறது. அந்த இடத்தில் ஆறுதல் மொழி ஏதும் இல்லை.

சிங்கமும் இவ்வாறே. 13ஆம் அதிகாரத்தில் பீறும் சிங்கம், 11ஆம் அதிகாரத்தில் முழங்கும்போது, சிதறிய பிள்ளைகள் நடுங்கியபடியே வீடு திரும்புகின்றனர். அச்சுறுத்தும் குரலே அழைக்கும் குரலும் ஆயிற்று. புதிய ஏற்பாட்டின் வெளிப்படுத்தின விசேஷம் 5ஆம் அதிகாரத்தில் யோவான் சிங்கம் என்று கேட்கிறார். திரும்பிப் பார்த்தால் நிற்பது ஆட்டுக்குட்டி. அடுத்த அதிகாரத்திலோ அந்த ஆட்டுக்குட்டியின் சினத்துக்கே மன்னரும் அஞ்சி ஒளிகின்றனர்.

அருளின் பட்டியலில் உள்ள கோழியும் பட்டியலுக்குள் அடங்குவதில்லை. கிள்ளான் வட்டாரத் தோட்டப்புறங்களில் கோழி வளர்த்தோர், பருந்தைக் கண்டதும் குஞ்சுகளைச் சிறகுக்குள் அழைக்கும் தாய்க்கோழியே, நெருங்கும் கையைக் கொத்துவதையும் அறிவர். மத்தேயு 23ஆம் அதிகாரத்தில் எருசலேமை நோக்கி இயேசு கூறும் கோழி உவமை, அவருடைய மிகக் கடுமையான கண்டனங்களின் முடிவில் வருகிறது. சிறகு விரிந்தே இருந்தது. குஞ்சுகளே வர மறுத்தன என்பது அதன் பொருள்.

ஆதலின் இவ்வுவமைகளைப் பயிற்றும் ஆசிரியர், 'இவ்விலங்கு எதைக் குறிக்கும்?' என்று வினவுவதினும், 'இது இங்கே என்ன செய்கிறது? ஏன் செய்கிறது?' என்று வினவுதல் நன்று. முதல் வினா பட்டியலோடு நின்றுவிடும். இரண்டாவது வினாவே மாணாக்கரை நூலுக்குள் அழைத்துச் செல்லும்.