காலர் மைக்

மயிலாப்பூர், தி. நகர் சபா நாடகங்களில் முன்பெல்லாம் மேலிருந்து மைக் தொங்கும். கோபித்துக்கொண்டு வெளியேறும் மருமகள்கூடக் கடைசி வசனத்தை மைக்கடியில் சொல்லிவிட்டுத்தான் போவாள். நடிகரின் உடலோடு ஒட்டியிருக்கும் காலர் மைக் வந்தபின் நடிகர்கள் நிஜமாகவே நடக்கத் தொடங்கினார்கள்.

அதைப் பொருத்துவது தனிக் கைவேலை. பட்டுப்புடவை உரசினால் சரசரப்பு, சங்கிலி இடித்தால் 'டக்'. ஆகவே மைக்கைச் சுற்றி டேப் ஒட்டி, அசையும் துணியை ஊக்கால் இறுக்கி, ஒயரில் சின்ன வளையம் விட்டு ஒட்டுவார்கள். ஒயர் இழுபட்டால் அதிர்வு வளையத்தோடு நின்றுவிடும். வியர்வைதான் பெரிய எதிரி. சென்னையில் அதற்குப் பஞ்சமா? எங்கே ஒட்டுவது என்று கேட்டால், என் ஓட்டு நெற்றியில் முடியோரம் ஒட்டுவதற்கு. தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் மாறாது. விக் வைத்த வேடம் என்றால் இன்னும் வசதி.

தமிழ் சினிமா பெரும்பாலும் டப்பிங்கையே நம்பியது. விதிவிலக்காக, 2004-இல் வந்த 'விருமாண்டி' படத்தில் படப்பிடிப்பிலேயே குரலைப் பதிவு செய்தார்கள். மேடையில் டப்பிங்குக்கு வழியில்லை. இருவர் கட்டிப்பிடித்தால் இரண்டு மைக்கும் ஒரே குரலை வாங்கிக் குழப்பும். மிக்சரில் இருப்பவர் சட்டென்று ஒன்றை அடைத்து, மற்றதிலேயே இருவரையும் பேசவைப்பார்.