சிவப்புக் கோடும் பத்தொன்பது பேரும்

ஏழை ஒருவன் இலக்கியத்துக்குள் வருவது வேறு. அதே ஏழை சட்டசபைக்குள் போய் உட்காருவது வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதுதான் நம் விமர்சகர்களுக்குப் பழக்கம். கதையில் ஏழைக்கு இடம் கொடுத்துவிட்டால் நியாயம் செய்துவிட்டதாகவே நினைத்துக் கொள்கிறார்கள். ஃபின்லாந்தில் இந்த இரண்டும் இரண்டு வருஷ இடைவெளியில் நடந்தன. 1907ல் அடித்தட்டு மக்கள் தேர்தலில் ஜெயித்து நாடாளுமன்றத்துக்குள் போனார்கள். 1909ல் அந்தத் தேர்தலையே கதையாக்கி இல்மரி கியாந்தோ என்ற எழுத்தாளர் ‘சிவப்புக் கோடு’ என்ற நாவலை வெளியிட்டார். நாவலை மட்டும் வாசித்தால் ஒரு உண்மை கிடைக்கிறது. தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களின் பட்டியலைப் பக்கத்தில் வைத்து வாசித்தால் வேறொரு உண்மை கிடைக்கிறது. இந்த இரண்டாவது வாசிப்பைத்தான் இங்கே செய்து பார்க்கிறேன்.

முதலில் தேர்தலைப் பற்றிக் கொஞ்சம். அப்போது ஃபின்லாந்து ரஷ்யப் பேரரசின் கீழிருந்த ஒரு பெருங்கோமகப் பிரதேசம். அதன் பழைய சபை நாலு அடுக்காக இருந்தது. பிரபுக்களுக்கு ஒன்று, பாதிரிமாருக்கு ஒன்று, நகரத்துச் செல்வர்களுக்கு ஒன்று, சொந்த நிலம் வைத்திருந்த விவசாயிகளுக்கு ஒன்று. பிரபு வம்சம் என்றால் பிறப்பாலேயே இடம் உண்டு. ஆலைத் தொழிலாளிக்கு? இல்லை. வீட்டு வேலைக்காரிக்கு? இல்லை. பண்ணைக்காரன் நிலத்தில் குடிசை போட்டு, துண்டு நிலத்தை உழுது, அதற்கு வாடகையாக நாள்கணக்கில் பண்ணையில் உழைத்துக் கழித்த குடியானவனுக்கும் இல்லை. நாலு அடுக்கிலும் சேராதவர்கள்தான் அந்த நாட்டில் பெரும்பான்மை.

இதை உடைத்தது எந்தப் பிரபுவின் பெருந்தன்மையும் இல்லை. 1905 அக்டோபர் கடைசியில் ரஷ்யாவில் கிளம்பிய வேலைநிறுத்தம் ஃபின்லாந்துக்கும் பரவியது. ரயில் நின்றது, ஆலை நின்றது. ஒரு வாரம் நாடே நின்றது. ஜார் இறங்கி வந்தார். 1906 ஜூலையில் புதுச் சட்டம் வந்தது. நாலு சபை போய் 200 பேர் கொண்ட ஒரே சபை வந்தது. 24 வயதான ஆண், பெண் இருவருக்கும் ஓட்டு. ஓட்டுப் போடும் உரிமையோடு தேர்தலில் நிற்கும் உரிமையும் சேர்ந்தே வந்தது. வாக்காளர் எண்ணிக்கை ஏறத்தாழ பத்து மடங்கானது. 1907 மார்ச் 15, 16 தேதிகளில் தேர்தல் நடந்தது. சமூக ஜனநாயகக் கட்சிக்கு 80 இடம். 200 பேரில் 19 பேர் பெண்கள். உலகத்திலேயே ஒரு நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண்கள் இவர்கள்தான்.

ஓட்டுச் சீட்டில் தங்களுக்கு வேண்டிய பட்டியலின் மேல் சிவப்புப் பென்சிலால் கோடு போட வேண்டும். கியாந்தோவின் நாவலுக்குத் தலைப்பு அங்கிருந்துதான் வந்தது.

நாவலின் கதை இது. வடக்குக் காட்டுக்குள் ஒரு குடிசை. தோபி, அவன் மனைவி ரீகா, பிள்ளைகள். மாவு போதாமல் பைன் மரப்பட்டையைக் கலந்து ரொட்டி சுட்டுத் தின்கிற குடும்பம். சந்தைக்குப் போன தோபி ஓட்டு என்ற ஒன்று வரப்போகிற சேதியைக் கேட்டு வருகிறான். வெளியூர்ப் பேச்சாளன் ஒருவன் வந்து முழங்குகிறான். சிவப்புக் கோடு போட்டால் காலம் மாறும் என்ற நம்பிக்கை பிறக்கிறது. புருஷனும் பெண்டாட்டியுமாய்ப் பனியில் நடந்து போய்க் கோடு போட்டுவிட்டு வருகிறார்கள். அதன்பின் பிள்ளைகள் நோயில் சாகிறார்கள். வசந்தத்தில், குளிர்காலம் முழுக்கத் தூங்கிக் கிடந்த கரடி எழுந்து வந்து மாட்டை அடிக்கிறது. தடுக்கப் போன தோபியையும் கொல்கிறது. அவன் கழுத்திலிருந்து ரத்தம் ஒரு சிவப்புக் கோடாக வழிகிறது. கதை முடிகிறது.

நல்ல எழுத்தா என்று கேட்டால், நல்ல எழுத்துதான். இதை மறைக்க வேண்டியதில்லை. காட்டு மக்களின் வட்டாரப் பேச்சை அச்சில் ஏற்றியிருக்கிறார். பசியை அலங்காரம் பண்ணவில்லை. பாதிரிமாரையும் அதிகாரிகளையும் கேலி செய்கிறார். பாதிரி வீட்டுப் பிள்ளையாகப் பிறந்தவர் இந்த அளவு இறங்கி வந்து எழுதியதைப் பாராட்டிய விமர்சகர்கள் பலர். எனக்குள்ள கேள்வி வேறு. இறங்கி வந்தவர் எதைப் பார்த்தார், எது அவர் கண்ணில் படவே இல்லை?

அவர் கண்ணில் பட்ட ஏழைக்கு ஓட்டு இருக்கிறது, வாய் இருக்கிறது, பசி இருக்கிறது. சங்கம் இல்லை. அரசியல் அவனுக்குள்ளிருந்து முளைக்கவில்லை. வெளியிலிருந்து ஒரு வாய்ச்சொல் வீரன் கொண்டுவந்து கொட்டுகிறான். ஏழை வாயைப் பிளந்து கேட்கிறான், நம்புகிறான், கோடு போடுகிறான், சாகிறான். ஏழை ஏமாறுவதற்கென்றே பிறந்தவன் என்கிற பழைய பாட்டுதான் இது. ராகம் மட்டும் புதுசு.

இப்போது பட்டியலைப் பாருங்கள். அந்த 19 பேரில் ஒருவர் மீனா சில்லன்பா. பிறந்தது 1866ல், லட்சத்துக்கும் அதிகமான பேரைக் கொன்ற பெரும்பஞ்சம் தொடங்குகிற நேரத்தில், யோகியோய்னென் ஊரில், ஒரு ஏழை விவசாயக் குடும்பத்தில். 12 வயதில் ஃபோர்ஸா பஞ்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். அப்புறம் ஆணி செய்யும் தொழிற்சாலை. 18 வயதில் ஊரைவிட்டுக் கிளம்பி போர்வோவிலும் ஹெல்சிங்கியிலும் வீட்டு வேலைக்காரி. அடுப்படியிலேயே வருஷங்கள் கழிந்தன. 1898ல் ஹெல்சிங்கி வேலைக்காரப் பெண்கள் தங்களுக்கென ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். அதை முன்னின்று நடத்தியவர் இந்த மீனா. வேலைக்காரிகளுக்கென்று பத்திரிகையும் நடத்தினார். 1898 என்றால் ஓட்டுரிமைச் சட்டத்துக்கு எட்டு வருஷம் முன்னாடி என்பதைக் கவனியுங்கள். எந்தப் பேச்சாளனும் வந்து முழங்கி இவரை எழுப்பவில்லை. 12 வயசுச் சிறுமியாக அவர் நூல் இழுத்த அதே ஃபோர்ஸா ஊரில்தான், 1903ல், தொழிலாளர் கட்சி மாநாடு கூட்டிச் சமூக ஜனநாயகக் கட்சியாகப் பெயர் மாற்றி, எல்லோருக்கும் சம ஓட்டு என்கிற கோரிக்கையைத் தன் திட்டத்தில் எழுதி வைத்தது.

ஆகவே கோடு திடீரென்று வந்த மோகம் இல்லை. சந்தா கட்டி, கூட்டம் போட்டு, வேலை போய், திரும்ப வேலை தேடி, இப்படிப் பல வருஷம் போட்ட கோடு. நாவலில் இந்த வருஷங்கள் காணாமல் போகின்றன. இந்த வருஷங்களை எடுத்துவிட்டால் மிஞ்சுவது தோபி மாதிரி ஒரு அப்பாவி மட்டுமே.

‘அதெல்லாம் சரிதான், ஆனா கியாந்தோ சொன்னதுதானே நடந்துச்சு? ஓட்டுப் போட்டதால சோறு வந்துச்சா?’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. சோறு வரவில்லை. மீனாவுக்கு முன்னால் இருந்த கதையையே எடுத்துக்கொள்வோம். 1865ல் வந்த வேலைக்காரர் சட்டம், வேலைக்காரரை எஜமானின் வீட்டதிகாரத்துக்குக் கீழே வைத்தது. வருஷக் கணக்கில் ஒப்பந்தம். நடுவில் ஓடிவிட்டால் பிடித்துக் கொண்டுவந்து ஒப்படைக்கலாம். வேலைக்காரியே நாடாளுமன்றத்துக்குள் போன பிறகும் இந்தச் சட்டம் ஒழிய 1922 ஆகிவிட்டது. பதினைந்து வருஷம்!

ஆனால் ஏன் தாமதம் என்று கேட்டால் பெயர் சொல்லிப் பதில் சொல்லலாம். நாடாளுமன்றம் எந்தச் சட்டம் போட்டாலும் ஜாரின் கையெழுத்து வேண்டும். கையெழுத்து வராது. சபை முரண்டு பிடித்தால் கலைப்பு. 1907க்குப் பிறகு 1908, 1909, 1910, 1911 என்று வருஷத்துக்கு ஒரு தேர்தல். இது மட்டுமல்ல. ‘எல்லோருக்கும் ஓட்டு’ என்ற சட்டத்துக்கே ஒரு பின்கதவு இருந்தது. நிரந்தரமாக ஏழை நிவாரணம் வாங்கிப் பிழைப்பவருக்கு ஓட்டு கிடையாது. நாடோடியாகத் திரிந்ததாகத் தண்டனை பெற்றவருக்கும் கிடையாது. பசிக்குக் கை நீட்டினால் ஓட்டுப் போய்விடும் என்று அர்த்தம். கலைத்தவன் இன்னார், கதவை அடைத்தவன் இன்னார் என்று அடையாளம் காட்ட முடியும். கியாந்தோவோ கரடியைக் காட்டுகிறார். கரடிக்கு எதிராக யார் வேலைநிறுத்தம் செய்வது? மனிதன் மனிதனுக்குச் செய்த அநீதியை இயற்கையின் தலையில் ஏற்றிவிட்டால் வாசகன் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டுவிட்டுப் புத்தகத்தை மூடிவிடலாம். அதற்குமேல் அவன் செய்வதற்கு ஒன்றுமில்லை.

கியாந்தோவை மட்டும் குறை சொல்லிவிட்டு, எதிர்ப்பக்கத்துக் கொண்டாட்டக் கதையை விட்டுவிடவும் முடியாது. ‘உலகின் முதல் 19 பெண் உறுப்பினர்கள்’ என்று ஒரே சரத்தில் கோத்துப் பாடுகிறார்களே, அந்தப் பட்டியலையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 9 பேர் சமூக ஜனநாயகக் கட்சி, 10 பேர் மற்றக் கட்சிகள். மீனா உட்கார்ந்த அதே சபையில் அலெக்சாந்திரா கிரிப்பன்பெர்க்கும் உட்கார்ந்தார். பிரபு வம்சம், எழுத்தாளர், 1888லேயே வாஷிங்டன் மாநாட்டுக்குப் போய் வந்தவர். அவருடைய பெண்கள் சங்கம் முன்பு கேட்டதெல்லாம், ஆண்களுக்கு இருக்கிற அதே நிபந்தனையில் பெண்ணுக்கும் ஓட்டு. அந்த நிபந்தனை என்ன? சொத்தும் வரியும். அது கிடைத்திருந்தால் வீட்டுக்காரம்மாவுக்கு ஓட்டு வந்திருக்கும், அடுப்படியில் நின்ற பெண்ணுக்கு வந்திருக்காது. இரண்டு பேரும் பெண்தான். ஒருவர் மணி அடித்துக் கூப்பிட்டவர்களின் வீட்டுப் பெண், இன்னொருவர் அந்த மணிச் சத்தத்துக்கு ஓடியவர்களில் ஒருவர். இந்த வித்தியாசத்தை விட்டுவிட்டுப் ‘பெண்’ என்று பொதுவாகச் சொல்லுவதும் ஒரு மறைப்புதான்.

இனி நான் சொல்லப் போவதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

1918 ஜனவரியில் ஃபின்லாந்தில் உள்நாட்டுப் போர் வெடித்தது. ஒரு பக்கம் சிவப்பு, மறு பக்கம் வெள்ளை. மே மாதத்துக்குள் வெள்ளைத் தரப்பு ஜெயித்தது. தோற்றவர்களை முகாம்களில் அடைத்தார்கள். பசியிலும் நோயிலும் 12,000 பேருக்கு மேல் அங்கே செத்தார்கள். முந்தைய வருஷம் தேர்ந்தெடுக்கப்பட்ட 92 சமூக ஜனநாயக உறுப்பினர்களில், மே மாதம் கூடிய சபைக்கு வந்து உட்கார முடிந்தவர் மத்தி பாசிவுவோரி ஒருவர்தான். 1907ல் ஜெயித்த 19 பேரில் ஒருவரான ஆசிரியை ஹில்யா பார்சினென் ரஷ்யாவுக்குத் தப்பிப் போனார். திரும்பி வந்தபோது சிறை.

அந்த ஏப்ரலில், போர் முடிவதற்கு முன்னாலேயே, ‘கெஸ்கிசுவோமலைனென்’ என்ற பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்தது. சிவப்புப் படையோடு நின்ற பெண்களை விட்டுவைக்கலாமா என்பது விஷயம். ஓநாய் வேட்டையில் பெண் ஓநாயைத்தானே முதலில் குறி வைக்கிறோம், அதுதானே குட்டி போடுகிறது என்கிற தோரணையில் போனது வாதம். எழுதியவர் இல்மரி கியாந்தோ. ஒன்பது வருஷத்துக்கு முன் ரீகாவின் கையில் சிவப்புப் பென்சிலைக் கொடுத்து நம்மை அழ வைத்த அதே ஆள்.

இதைத் தனிமனிதரின் தடுமாற்றம், போர்க்கால வெறி என்று ஒதுக்கிவிட்டு நாவலைக் காப்பாற்றுகிறவர்கள் இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாவலிலேயே இதற்கான விதை இருக்கிறது. கியாந்தோவின் இரக்கத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஏழை குனிந்திருக்கும் வரை, ஏமாறும் வரை, செத்துக் கிடக்கும் வரை இரக்கம். ரீகா பென்சில் பிடித்தால் பாவம். அதே ரீகா துப்பாக்கிக்காரர்களோடு நின்றால் ஓநாய். மரப்பட்டை ரொட்டி தின்றபோது மனுஷியாக இருந்தவள் எழுந்து நின்றதும் மிருகமாகிவிடுகிறாள். 1909ல் ஏழையைக் கொன்றது கரடி. 1918ல் ஏழையே மிருகம். மிருகம் இடம் மாறியதே தவிர, எழுத்தாளர் நின்ற இடம் மாறவில்லை. அவர் கையில் துப்பாக்கியோடு வேலிக்கு வெளியே நின்று பார்த்துக் கொண்டிருந்தார்.

மீனா சில்லன்பா துப்பாக்கி வழியை ஏற்காதவர். 1907க்கும் 1947க்கும் இடையில், சில இடைவெளிகள் நீங்கலாக, திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1926 டிசம்பரில் தன்னெர் அமைச்சரவையில் சமூகநலத் துறையின் இரண்டாவது அமைச்சரானார். ஃபின்லாந்தின் முதல் பெண் அமைச்சர் ஒரு பழைய வேலைக்காரி. அவர் பாதை மட்டும்தான் சரி, மற்றவர் பாதை தப்பு என்று நான் சொல்லவில்லை. முகாமில் செத்தவர்களும் அதே பட்டியலுக்கு ஓட்டுப் போட்டவர்கள்தான். நான் சொல்வது வேறு. இந்த இரண்டு வகை மனிதர்களுமே ‘சிவப்புக் கோடு’ நாவலில் இல்லை. நிதானமாகச் சங்கம் கட்டியவரும் இல்லை, பொறுமை இழந்து எழுந்தவரும் இல்லை. 1978ல் அந்த நாவலை அவுலிஸ் சல்லினென் இசை நாடகமாக்கினார். மேடையிலும் தோபி செத்தான். தோபி சாகிற கதைக்கு எப்போதும் கூட்டம் இருக்கிறது.

எனவே எழுதுகிற தோழர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஏழையைப் பற்றி ஒரு நாவல் கையில் கிடைத்தால் முதலில் கண்ணீரைத் துடைத்துக் கொள்ளுங்கள். அப்புறம் கேளுங்கள். இந்த ஊரில் சங்கம் எங்கே? கூட்டம் நடந்த கொட்டகை எங்கே? சந்தா நோட்டு யாரிடம் இருக்கிறது? வேட்பாளர் பட்டியலில் தன் பெயரையே எழுதச் சொன்ன வேலைக்காரி எங்கே? பதில் இல்லை என்றால் அந்த நாவல் நம் பசியை எழுதியிருக்கிறது, நம்மை எழுதவில்லை.