குரல் உண்டு; ஸனது எங்கே?

ஒரு செய்தி காதில் விழுந்தால், அதன் பொருளை ஆராயுமுன், "இதைச் சொன்னவர் யார்? அவருக்குச் சொன்னவர் யார்?" என்று வினவுவது அறபுக் கல்வி நமக்குத் தந்த முதற்பயிற்சியாகும். ஹதீஸ்கலை அறிஞர்கள் இச்சங்கிலிக்கு ஸனது என்றும் இஸ்னாது என்றும் பெயரிட்டார்கள். உரை எத்துணை அழகுடையதாயினும், அதை எடுத்துரைத்தோரின் சங்கிலி அறுந்திருக்குமாயின் அதன் மதிப்புக் குன்றிவிடும். இமாம் அப்துல்லாஹ் இப்னுல் முபாரக் (ரஹ்) அவர்கள் இஸ்னாதைத் தீனின் ஒரு பகுதியாகவே கருதினார்கள். பாட்டையும் ஹதீஸையும் ஒரே தட்டில் வைப்பது என் எண்ணமன்று, அல்லாஹ் காப்பானாக! ஆயினும் அக்கலை கற்பித்த ஒழுங்கு பிற துறைகளுக்கும் பயன்படக் கூடியதே. அவ்வொழுங்கைக் கைக்கொண்டு, நம் வீடுகளில் ஒலிக்கும் பழைய இசைத்தட்டுப் பாடல்களின் மறுபதிப்புத் தொகுப்புகளை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரையிலும், அங்கிருந்து கரையோரமாக வடக்கே கோவளம் வரையிலும் வாழும் முஸ்லிம் குடும்பங்களில் வீட்டில் உருது பேசுவோரும் உளர். தமிழ் பேசுவோரும் உளர். இரு சாராரின் திருமணப் பந்தலிலும், ரமழானில் ஸஹருக்கு எழுப்பும் ஒலிபெருக்கியிலும் ஒன்றுபோல் கேட்ட தமிழ்க் குரல் ஒன்று உண்டு. அது இசைமுரசு நாகூர் இ. எம். ஹனீபா (1925-2015) அவர்களின் குரல். கோவளத்தில் தமீமுல் அன்சாரி (ரலி) அவர்களின் பெயரால் விளங்கும் தர்காவின் வாசற் கடைகளில் அக்குரல் முதலில் ஒலிநாடாவாகவும், பின்னர்க் குறுந்தகடாகவும், அதன்பின் நகத்தளவு மெமரி கார்டாகவும் விற்கப்பட்டது. அவ்வகைத் தொகுப்புகள் மூன்றைக் கேட்டபின் இதனை எழுதுகிறேன். வெளியிட்டோரின் பெயர்களை இங்கே கூற வேண்டியதில்லை. குறை ஒருவருடையதன்று, எல்லாருக்கும் பொதுவானது.

"பாட்டைப் பற்றி ஓர் ஆலிம் எழுதலாமா?" என்று சிலர் கேட்கக் கூடும். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யாவில் ஸமாஉ பற்றித் தனியொரு பகுதியே எழுதியுள்ளார்கள். கேட்கப்படும் சொல், கேட்பவரின் உள்ளம், கேட்கும் காலம், இடம், கூட்டம் ஆகியவற்றை எல்லாம் நிறுத்துப் பார்த்த பின்னரே அவர்கள் தீர்ப்புக் கூறுகிறார்கள். கருத்து வேறுபாடுடைய அறிஞர்களும் உளர். அவர்களின் கூற்றுக்கும் நாம் மதிப்பளிக்கிறோம். ஆனால் வீடுதோறும் ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருப்பதைக் குறித்து ஆராயாமல் இருப்பது பேணுதல் ஆகாது.

குரலும் தட்டும்

ஹனீபா அவர்கள் முறையாகச் சங்கீதம் பயின்றவரல்லர். அவரது ஆற்றல் வேறிடத்தில் இருந்தது. உச்ச சுருதியில் தொடங்கி, அங்கேயே தளராமல் நின்று, சொல் சிதையாமல் பாடும் குரல் அது. இராக விரிவும் கமகமும் குறைவு, சொல்லே முன்நிற்கும். கடைசி வரிசையில் நிற்பவருக்கும் ஒவ்வோர் எழுத்தும் விளங்கும். பள்ளிவாசல் மேடையிலும் திராவிட இயக்க மேடையிலும் அதே குரல் எடுபட்டதற்கு இதுவே காரணம். குறையும் இல்லாமலில்லை: இரங்கிக் கேட்கும் துஆவும் சில இடங்களில் முழக்கமாகவே ஒலிக்கிறது, மென்மை வேண்டிய இடத்தில் குரல் இறங்கி வர மறுக்கிறது.

அப்பாடல்களின் வடிவத்தை ஆக்கியதில் தட்டுக்கும் பங்குண்டு. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பத்தங்குல அரக்குத்தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிடங்களே இடம். அதற்குள் தொடக்க இசை, பல்லவி, இரண்டு மூன்று சரணம் எல்லாம் அடங்கியாக வேண்டும். ஆகவே கவிஞர் சுருங்கச் சொல்லியாக வேண்டும். அதே பாடலைக் கச்சேரியில் பாடும்போது, கூட்டத்தின் விருப்பத்துக்கேற்ப அடிகளைத் திருப்பித் திருப்பி நீட்டிப் பாட இடமுண்டு. தட்டு வேறு, மேடை வேறு. எது எவ்விடத்தில் பாடியது என்று தெரிந்தால்தான் கேட்பவர் சரியாக மதிப்பிட முடியும்.

இம்மூன்று தொகுப்புகளிலும் அதுதான் தெரியவில்லை. ஒன்றில் நூற்றுக்கு மேற்பட்ட பாடல்கள் உள்ளன. உறையில் பச்சைக் குப்பாவும் மினாராவும் அழகாக அச்சிடப்பட்டுள்ளன. ஆனால் பாடலை இயற்றியவர் யார், மெட்டமைத்தவர் யார், வாத்தியம் வாசித்தோர் யாவர், எந்த ஆண்டில் எந்த ஊரில் பதிவாயிற்று என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. ஒரு பாடல் இறுதிச் சரணத்துக்கு முன்பே அறுபடுகிறது. மற்றொரு தொகுப்பில், ஹனீபா அவர்களின் படத்துக்குக் கீழே வேறொரு பாடகரின் குரல் இரண்டிடங்களில் கலந்திருக்கிறது. அவரும் நன்றாகவே பாடுகிறார். ஆனால் அவர் பெயர் எங்கே?

இக்குறை தொடக்கத்திலிருந்தே இருந்ததன்று. பழைய இசைத்தட்டின் நடுவே ஒட்டிய வட்டத் தாளில் பதிவெண்ணும் பாடகர் பெயரும் இருக்கும். பலவற்றில் கவிஞர் பெயரும் இருக்கும். ஒலிநாடாக் காலம் வந்தபோது தட்டின் ஒலி நாடாவுக்கு ஏறியது. தாள் தட்டிலேயே தங்கிவிட்டது. நாடாவிலிருந்து குறுந்தகட்டுக்கும், அங்கிருந்து கைப்பேசிக்கும் ஒலி மட்டுமே பயணம் செய்தது. மத்னு வந்து சேர்ந்தது. ஸனது வழியில் விழுந்துவிட்டது.

திரைப்படப் பாடல்களை ஒப்பிட்டால் இது நன்கு புலனாகும். 1961-இல் வெளிவந்த "பாவமன்னிப்பு" படத்தில் ஹனீபா அவர்கள் டி. எம். சௌந்தரராஜனுடன் சேர்ந்து பாடிய பாடலைக் கண்ணதாசன் எழுதினார், விசுவநாதன்-இராமமூர்த்தி இசையமைத்தார்கள் என்று சிறுவரும் சொல்வர். படத்தின் பெயர்த்தொடரும் பாட்டுப் புத்தகமும் அதைக் காத்தன. அதே குரல் பாடிய நூற்றுக்கணக்கான தனிப்பாடல்களுக்கு அத்தகைய காவல் இல்லை.

அமெரிக்காவில் செய்தது என்ன?

பழம்பாடல் மறுபதிப்பை ஒரு கல்வியாகவே வளர்த்த எடுத்துக்காட்டு ஒன்று அமெரிக்காவில் உண்டு. அங்குள்ள கறுப்பின மக்களின் பாடல்வகை ஒன்றுக்கு "ஸோல்" என்று பெயர். ரூஹ், ஆன்மா என்பது அதன் பொருள். அது பிறந்த இடம் தேவாலயம். சாம் குக் ஒரு பக்திப் பாடற்குழுவில் பாடிப் புகழ்பெற்று, 1957-இல் உலகியற் பாடலுக்கு வந்தவர். அரீத்தா ஃபிராங்க்ளின் டெட்ராய்ட் நகரப் போதகர் ஒருவரின் மகள். 1954-இல் ரே சார்ல்ஸ் ஒரு பக்திப் பாடலின் போக்கில் காதற்பாட்டு அமைத்தபோது, மூத்தோர் பலர் மனம் வருந்தினர்.

இதைப் படிக்கும்போது நம் நிலை நினைவுக்கு வருகிறது. அங்கே வழிபாட்டு மெட்டுக் கடைத்தெருவுக்குப் போயிற்று; இங்கோ கடைத்தெருவில் ஒலித்த இந்தித் திரைப்பட மெட்டுகள் பல நாயகப் புகழ்ச்சிக்குள் வந்தன. அங்கும் மூத்தோர் கடிந்தார்கள்; இங்கும் கடிந்தார்கள். இரண்டிலும் நியாயம் காண, எந்த மெட்டு எங்கிருந்து எப்போது வந்தது என்ற குறிப்பு முதலில் வேண்டும். நம்மிடம் கடிதல் இருக்கிறது, குறிப்பு இல்லை.

அமெரிக்கத் தொகுப்பாளர்கள் குறிப்பிலிருந்தே தொடங்கினார்கள். மெம்ஃபிஸ் நகர ஸ்டாக்ஸ் நிறுவனத்தின் 1959 முதல் 1968 வரையிலான தனித்தட்டுகள் 1991-இல் ஒன்பது குறுந்தகடுகளில், 244 பாடல்களாக, காலவரிசையில் வெளிவந்தன. வெற்றி பெற்ற பாடலும் எவரும் வாங்காத பாடலும் அருகருகே நிற்பதால், ஒரு நிறுவனம் தன் நடையைக் கண்டடைந்த வரலாற்றைக் காதாலேயே கற்கலாம். மோட்டவுன் நிறுவனத்தின் தனித்தட்டுகளும் 2005 தொடங்கி இவ்வாறே தொகுதி தொகுதியாக வந்தன. ஒலிக்கூடப் பதிவேடுகளும், இசைக்கலைஞர் சங்கத்துக்கு அளித்த ஒப்பந்தத் தாள்களும் இத்தகைய ஆராய்ச்சிக்கு ஆதாரங்கள் ஆகின்றன.

நுஸ்காக்களை ஒப்பிடுவது போன்ற உழைப்பும் அங்கு உண்டு. சாம் குக் 1964-இல் பதிவு செய்த உரிமைப் பாடல் ஒன்று, தனித்தட்டாக வந்தபோது ஓர் அடி நீக்கப்பட்டே வந்தது. கறுப்பினத்தவருக்கு இடம் மறுக்கப்பட்டதை நேரே கூறும் அடி அது. இரு வடிவங்களும் இருப்பதை அறியாதவர் அப்பாடலின் கூர்மையை அறியார். அரீத்தா 1972-இல் தேவாலயத்தில் இரண்டு இரவுகள் பாடியதன் முழு ஒலிப்பதிவும் 1999-இல் வெளிவந்தது. முன்னர்த் தெரிந்தெடுத்த சில பாடல்களை மட்டுமே கேட்டவர்கள், அப்போதுதான் அந்த இரவுகளின் ஒழுங்கை அறிந்தார்கள்.

அங்கும் எல்லாம் செம்மையன்று. மோட்டவுன் தட்டுகளில் வாசித்த கலைஞர்களின் பெயர்கள் நெடுங்காலம் மறைக்கப்பட்டிருந்தன. 1971-இல் மார்வின் கே வெளியிட்ட ஒரு தொகுப்பின் உறையில்தான் அவை அச்சேறின. அவர்களுள் தலைசிறந்த பாஸ் கிதார் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் 1983-இல் மறைந்தார். அவருக்குரிய புகழின் பெரும்பகுதி அதன்பின்னரே வந்தது. மேலும், பழைய பாடகர்கள் முதுமையில் வேறு நிறுவனத்துக்காக மீண்டும் பாடியவற்றை, முதற்பதிவு என்று வாங்குவோர் கருதும்படி மலிவுத் தொகுப்புகளில் விற்பதும் அங்கு உண்டு. என் கையிலுள்ள தொகுப்புகளிலும் ஹனீபா அவர்களின் ஒரே பாடல் இரு வடிவங்களில் இருக்கிறது. ஒன்றில் குரல் இளமையுடையது. ஆர்மோனியமும் தபேலாவும் அடக்கமாக நிற்கின்றன. மற்றொன்றில் குரல் முதிர்ந்துள்ளது. மின்னிசைக் கருவி முன்வந்து நிற்கிறது. இரண்டையும் கேட்கலாம். ஆனால் இது முந்தியது, இது பிந்தியது என்று சொல்லிக் கொடுப்பது வெளியிடுவோர் கடமையன்றோ?

மறக்கப்படும் கவிஞர்

இவ்விழப்பால் பெரிதும் பாதிக்கப்படுவோர் கவிஞர்களே. "இறைவனிடம் கையேந்துங்கள்" என்ற பாடலை அறியாத தமிழர் அரியர். மாற்றுச் சமயத்தாரும் அதை மனமுவந்து கேட்கின்றனர். அதை இயற்றியவர் கிளியனூர் ஆர். அப்துல் சலாம் என்பதை அறிந்தோர் எத்தனை பேர்? நாகூர்ப் புலவர் ஆபிதீன், நாகூர் சலீம் ஆகியோர் ஹனீபா அவர்களுக்கென எழுதிய பாடல்களை எல்லாம் "ஹனீபா பாட்டு" என்றே வழங்குகிறோம். ஹனீபா அவர்களின் புகழ் இதனால் கூடுவதுமில்லை. உண்மையைச் சொன்னால் குறையப் போவதுமில்லை.

நம் மரபு இதற்கு நேர்மாறானது. கஸீதத்துல் புர்தாவை நம் கரையோர ஊர்களில் தலைமுறை தலைமுறையாக ஓதி வருகிறோம். ஓதியவர்கள் பெயர் மறைந்தது. இமாம் பூஸீரி (ரஹ்) அவர்களின் பெயர் மறையவில்லை. ஸதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்கள் வித்ரிய்யாவுக்குத் தக்மீஸ் செய்தபோது, மூல ஆசிரியரின் ஈரடிகளோடு தம் மூன்றடிகளைச் சேர்த்து ஐந்தாக்கினார்கள். எது அவருடையது, எது இவருடையது என்று மாணவன் விரல் வைத்துக் காட்டலாம். சீறாவைப் பாடியவர் எத்தனையோ பேர். அதை உமறுப் புலவரிடமிருந்து எவரும் பிரித்ததில்லை. ஓதியவரை மறந்தாலும் இயற்றியவரை மறவாத சமுதாயம், இசைத்தட்டு வந்த ஒரு தலைமுறைக்குள் பாடியவரை நினைத்து இயற்றியவரை மறந்துவிட்டது.

இது நன்றி பற்றிய செய்தி மட்டுமன்று, உரிமை பற்றியதுமாகும். இந்தியச் சட்டப்படி ஓர் ஒலிப்பதிவின் காப்புரிமை, அது வெளியானதற்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். பாடல் வரிகளின் காப்புரிமையோ கவிஞர் மறைந்ததற்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். ஆகவே தட்டின் உரிமை முடிந்த பின்னும் வரிகளின் உரிமை கவிஞரின் வாரிசுகளுக்கு எஞ்சியிருக்கக் கூடும். 2012-இல் வந்த திருத்தம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிமைத்தொகையில் பங்கு வகுத்தது. பெயரே அச்சேறாத கவிஞரின் மகனோ மகளோ எதைக் காட்டிக் கேட்பார்? அமானிதத்தை உரியவரிடம் சேர்க்க வேண்டுமாயின், உரியவர் யார் என்பது முதலில் தெரிய வேண்டும்.

செய்ய வேண்டுவது பெரிய காரியமன்று. செங்கற்பட்டிலும் சுற்றூர்களிலும் ஒரு காலத்தில் திருமணங்களுக்கு மைக்செட் வைத்தோரின் வீட்டுப் பரணில் இன்னும் தட்டுகள் இருக்கக் கூடும். பல வீடுகளில் பெட்டியடியில் பாட்டுப் புத்தகங்கள் இருக்கும். பழைய பொருள் வாங்குவோரிடம் எடைக்குப் போடுமுன் ஒரு குறிப்பேட்டை எடுத்து, தட்டின் எண், பாடலின் முதற்சொல், தாளில் உள்ள பெயர்கள், அது வீட்டுக்கு வந்த ஆண்டு ஆகிய நான்கையும் எழுதி வையுங்கள். தாளைக் கைப்பேசியில் படமெடுத்து வைப்பதும் நன்று. எழுத இயலாத முதியோர் சொல்வதைப் பிள்ளைகள் எழுதட்டும். "இன்னார் சொன்னார்" என்று சொன்னவர் பெயரையும் சேர்த்தே எழுதட்டும். அதுவும் ஒரு ஸனதுதான்.

தொகுப்பு வெளியிடுவோரிடம் நாம் கேட்க வேண்டியது, காலவரிசையில் அமைந்த ஒரு வரிசையும், நான்கு பக்க அட்டவணையும், முதற்பதிவு எது மறுபதிவு எது என்ற குறிப்பும் மட்டுமே. சமயப் பாடல் வேறு, இயக்கப் பாடல் வேறு என்று பிரித்து ஒன்றை மறைக்காமல், பாடிய காலத்தின்படியே இரண்டையும் வைத்தால் அம்மனிதரின் வாழ்வும் அக்காலமும் உள்ளபடி விளங்கும். அவ்வாறு ஒரு தொகுப்பு வருமாயின், அதை வாங்கி வீட்டில் வைக்குமாறு என் மாணவர்களுக்கு நானே பரிந்துரைப்பேன். அதுவரை, கையிலிருக்கும் தொகுப்புகளைக் கேட்போர் ஒவ்வொரு பாடலின் முடிவிலும் "இதை இயற்றியவர் யார்?" என்று வீட்டிலுள்ள முதியோரிடம் கேட்கும் வழக்கத்தையேனும் கைக்கொள்வார்களாக. விடை தெரிந்தோர் நம்மிடையே வாழும்போதே அவ்வினாவைக் கேட்கும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நமக்கு அருள்வானாக.