பத்து இலட்சம் கூரைகள்

ஞாயிற்றை வாழ்த்திக் காப்பியந் தொடங்கிய மொழி நம்முடையது. சிலப்பதிகாரத்தின் மங்கல வாழ்த்தில் திங்களுக்கு அடுத்த இடம் ஞாயிற்றுக்கே. நமது முற்போக்குக் கவிஞர்களும் அம்மரபைக் கைவிட்டாரல்லர்; சுரண்டலை இருளென்றும் விடுதலையை உதயமென்றும் பாடிப் பாடி அந்தப் படிமத்தைத் தேய்த்தே விட்டார்கள். இதற்கிடையில் கதிரவனுக்கு அலகொன்றுக்கு இத்தனை ரூபா என விலை குறிக்கப்பட்டுவிட்டது. கவிதைக்குள் இச்செய்தி இன்னும் ஏறியதாகத் தெரியவில்லை. ஆகவே, இம்முறை கவிதைத் தொகுதிகளை ஒருபுறம் வைத்துவிட்டு, அரசின் உறுதிமொழியொன்றை ஒரு நூலைப்போல எடுத்துவைத்து மதிப்பிடத் துணிகிறோம்.

2016 செப்டெம்பரில் தொடங்கப்பெற்ற 'சூரிய பல சங்கிராமய' என்னும் திட்டமே அந்நூல். சூரிய சக்திக்கான போராட்டம் என்பது பொருள். போரென்னுஞ் சொல்லை அவ்வளவு எளிதாக இரசிக்கக்கூடிய மண்ணல்ல எமது. எனினும் பெயரைப் பற்றி வழக்காட நாம் வரவில்லை. 2020 இல் 200 மெகாவாட், 2025 இல் 1000 மெகாவாட், மொத்தம் பத்து இலட்சம் கூரைகள் என்று அது வாக்களித்தது. இந்த எண்களைச் சற்று வகுத்துப் பார்த்தல் வேண்டும். ஆயிரம் மெகாவாட்டைப் பத்து இலட்சம் கூரைகளுக்குப் பங்கிட்டால் கூரையொன்றுக்கு ஒரு கிலோவாட் வருகிறது. எமது வெயிலில் மாதம் நூறு அலகுக்குச் சற்றுக் கூடுதலாகத் தரவல்ல சிறிய அளவு அது. ஓர் எளிய குடும்பத்தின் விளக்குக்கும் விசிறிக்கும் வானொலிக்கும் போதும். எழுத்தளவில் இது ஏழைக்காக எழுதப்பட்ட நூல்தான் என்பதில் ஐயமில்லை.

நடந்தது வேறு. 2025 பிறக்குமுன்பே மெகாவாட் இலக்கு தாண்டப்பட்டுவிட்டது. கூரைகளின் தொகையோ பத்து இலட்சத்தை நெருங்கவேயில்லை. மின்சாரத்தின் கணக்கு நிறைவேற, மனிதரின் கணக்கு நின்றுபோயிற்று. இவ்விரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள பள்ளத்தை விழா மேடைகளில் யாரும் சுட்டிக்காட்டுவதில்லை. அகன்ற கூரையும் கையில் முதலும் வங்கியில் நம்பிக்கையும் உடையோர் மூன்று, ஐந்து, இருபது கிலோவாட் என்று ஏற்றிக்கொண்டனர். 2022 ஆகஸ்டில் 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் மின்கட்டணம் உயர்ந்தபோது அவர்கள் அந்த உயர்விலிருந்து தப்பிக்கொண்டார்கள். மற்றவர்கள் கட்டினார்கள், கட்ட முடியாதவர்களின் இணைப்பு வெட்டப்பட்டது.

எமது பச்சிலைப்பள்ளிப் பகுதியில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. கூரைக்குங்கூட இப்போது பெரும் பஞ்சமில்லை: போருக்குப்பின் இந்திய வீட்டுத்திட்டத்தின் ஐந்தரை இலட்சம் ரூபாவோடு தம் கைப்பொருளையும் கடனையும் சேர்த்து மக்கள் கட்டிய வீடுகள் வன்னியெங்கும் நிற்கின்றன. அவ்வீடுகளிற் பலவற்றில் மாதம் முப்பது, அறுபது அலகுக்குமேல் ஓடுவதில்லை. அவ்வளவு சிறிய பட்டியலை மிச்சப்படுத்த இலட்சக்கணக்கில் கடன்பட்டுச் 'சோலர்' பூட்டுவது எந்தக் கணக்கிலும் கட்டாது. நுண்கடன்காரரின் வாரத் தவணைக்கே அஞ்சி வாழும் பெண்ணிடம் இருபதாண்டு இலாபத்தை விளக்குவது வீண்வேலை. ஜாம் போத்தலில் விரற்கடையளவு மண்ணெண்ணெய் ஊற்றித் திரியேற்றிப் படித்த ஊர் இது. சிக்கனத்தை எமக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

புலோப்பளையில் 2014 முதல் காற்றாலைகள் சுழல்கின்றன. அவற்றின் அடியில் குடியிருப்பவரும் கொழும்பில் குடியிருப்பவரும் அலகுக்குக் கொடுக்கும் விலை ஒன்றே. சமத்துவம் என்று இதனைப் புகழ்வோரும் உளர்.

பணக்காரனின் தகடு தரும் மின்சாரமும் நாட்டுக்குத்தானே, எண்ணெய் இறக்குமதி குறையுந்தானே என வாதிப்போர் உண்டு. உண்மை. எண்ணெய்க்கு டொலரின்றி 2022 மார்ச்சில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை நாடு இருளிற் கிடந்ததையும், சுன்னாகத்தில் மின்நிலைய எண்ணெய்க் கழிவு கிணறுகளை மாசுபடுத்தியதற்காக 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நட்டஈடு விதித்ததையும் நாம் மறந்துவிடவில்லை. வெயிலை வேண்டாமென்று சொல்ல எமக்கு உரிமையே கிடையாது. ஆனால் தனிக்கூரைகளை மட்டும் நம்பிய திட்டம் தன் காலிலேயே இடறியதை 2025 ஏப்ரலில் கண்டோம். புத்தாண்டு விடுமுறையில் ஆலைகள் மூடியிருக்க, மின்தேவை குறைந்தது. மிகுந்த மின்சாரத்தைச் சேமித்துவைக்கப் போதிய மின்கலம் இல்லை. பகலில் சூரியத் தகடுகளை நிறுத்திவைக்குமாறு மின்சார சபை உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. இணைப்பு வெட்டப்பட்ட வீடுகள் உள்ள நாட்டில் மின்சாரம் மிஞ்சிப்போயிற்று!

ஒரு நகரம் இத்தகைய உறுதிமொழியை வேறு விதமாகவும் எழுதலாம். ஸ்பெயினின் பார்சிலோனா நகரசபை 2000 ஆம் ஆண்டில் ஒரு விதியை நடைமுறைக்குக் கொணர்ந்தது: புதிதாக எழும் பெரிய கட்டடங்கள் தமக்கு வேண்டிய சுடுநீரில் 60 வீதத்துக்கான வெப்பத்தை வெயிலிலிருந்தே பெறவேண்டும். கடமை கட்டுபவனுடையது, குடியிருக்க வருபவன் கடன் விண்ணப்பத்தோடு அலையவேண்டியதில்லை. அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். எழுவைதீவில் சூரியத் தகடும் காற்றாலையும் மின்கலமும் டீசல் இயந்திரமும் ஒன்றிணைந்த சிற்றமைப்பை ஆசிய அபிவிருத்தி வங்கியின் துணையுடன் மின்சார சபை நிறுவியது. அங்கே யாருடைய கூரை பெரிது என்ற கேள்வியே எழவில்லை; தீவு முழுவதற்கும் ஒரே அமைப்பு.

பளைச் சந்தைக் கட்டடம், பிரதேச சபை மண்டபம், பாடசாலைகள் ஆகியவற்றின் கூரைகள் பொதுச்சொத்து. பாடசாலைக் கூரை, மார்கழி விடுமுறையையும் சேர்த்து, ஆண்டில் பாதிநாள் பிள்ளைகளின்றியே வெயில் காய்கிறது. இக்கூரைகளில் தகடு பதித்து, விற்கும் மின்சாரத்தின் வருவாயை முப்பது அலகுக்கு உட்பட்ட வீடுகளின் பட்டியலிற் கழிப்பதற்கு, அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் சபை ஒரு வரி எழுதட்டும். தொகை சிறிதாயினும் ஆகுக. எந்த வீடுகளுக்கு என்பதை மட்டும் பெயர்ப்பட்டியலோடு எழுதட்டும்.