பிஜித் தீவில் 250 கதைப் புத்தகங்கள்

அந்நியருக்கு இங்கிலீஷ் கற்றுக்கொடுப்பது எப்படி என்று இந்த நூறு வருஷங்களில் வெளியாகியிருக்கும் நூல்களை அடுக்கி வைத்தால் ஒரு வீடு கொள்ளாது. அவற்றில் நான் படித்தவை மிகச் சில. உபாத்தியாயர் தொழிலும் எனக்குப் பழக்கமில்லை. ஆனாலும் கதை எழுதுகிறவன் என்ற முறையில் இந்த விஷயத்தில் எனக்கு ஒரு பாத்தியதை உண்டு என்று நினைக்கிறேன். ஏனென்றால், இந்த ஆராய்ச்சிக்காரர்களில் சிலர் சுற்றிச் சுற்றிக் கடைசியில் வந்து நின்ற இடம் கதைதான்.

முதலில் மைக்கேல் வெஸ்ட் என்பவரைச் சொல்ல வேண்டும். டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் தலைவராக இருந்த வெள்ளைக்காரர். வங்காளத்துப் பிள்ளைகளின் இருமொழிப் படிப்பைப் பற்றி 1926ல் ஒரு பெரிய ஆராய்ச்சி நூல் வெளியிட்டார். அவர் கண்ட விஷயம் யார் கண்ணிலும் படக்கூடியதுதான். இங்கிலீஷ் படிக்க ஆரம்பிக்கிற பிள்ளைகளில் பெரும்பாலோர் படிப்பை முடிப்பதில்லை, பாதியில் நின்றுவிடுகிறார்கள். பாதியில் போகிறவனுக்கு என்ன மிச்சம்? இன்ஷூரன்ஸ் பாலிஸியை நடுவில் நிறுத்தினால் கம்பெனிக்காரன் 'சரண்டர்' தொகை என்று ஏதோ கொடுக்கிறான் அல்லவா, அதுபோல இரண்டு வருஷம் படித்துவிட்டுப் போகிறவன் கையிலும் ஏதாவது நிற்க வேண்டாமா என்று கேட்டார். இதைக் கேட்டதற்காகவே அவரை மதிக்கத் தோன்றுகிறது. நம்முடைய பாடத்திட்டங்கள் எல்லாம் கடைசி வகுப்பு வரை வந்து சேருகிறவனை நினைத்துப் போடப்பட்டவை.

வாசிப்புதான் அப்படிக் கையில் நிற்கும் என்பது வெஸ்டின் முடிவு. அதற்கான புத்தகங்களையும் அவரே தயாரித்தார். புழக்கமில்லாத சொற்களை நீக்கினார். புதுச் சொற்களை ஒரே பக்கத்தில் கொட்டாமல் இடைவெளி விட்டுத் தூவினார். ஒருமுறை வந்த சொல் மறுபடி மறுபடி வரும்படி பார்த்துக்கொண்டார். 1953ல் அவர் பதிப்பித்த பொதுச் சொற்பட்டியலில் இருப்பவை சுமார் 2,000 சொற்கள்.

சொல்லை எண்ணுகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பது இலக்கியக்காரர்களுக்கு வழக்கம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சொற்ப வார்த்தைகளில் உயிருள்ள கதை சொல்ல முடியும். நம் ஊர்க் கதைசொல்லிகள் அகராதி வைத்துக்கொண்டா கதை சொன்னார்கள்? இந்த வழியில் பிற்பாடு வந்த சுருக்கப் புத்தகங்கள் பலவற்றில் எனக்குள்ள குறை வேறு. பழைய புத்தகக் கடைகளில் அவை இன்னும் கிடைக்கின்றன. பெரிய நாவலை எண்பது பக்கத்தில் அடைத்திருப்பார்கள். புயல் அடிக்கிறது, கப்பல் உடைகிறது, ஒருவன் மட்டும் கரை சேர்கிறான். மூன்றும் ஒரே குரலில், ரயில்வே நிலைய அறிவிப்பைப் போல. சொற்கணக்கில் காட்டிய கவலையில் கால்வாசியையாவது, படிக்கிற பையன் அடுத்த பக்கத்தைப் புரட்டுவானா என்பதில் காட்டியிருக்கலாம்.

1950களில் காற்று வேறு பக்கம் திரும்பியது. வாக்கியங்களை வகை பிரித்து, எளிதிலிருந்து கடினத்துக்கு வரிசைப்படுத்தி, வகுப்பு முழுவதும் கூட்டாகச் சொல்லிச் சொல்லிப் பழக வேண்டும் என்றார்கள். நம் சென்னை ராஜ்யத்திலும் அந்தத் தசாப்தத்தின் இறுதியில் ஆயிரக்கணக்கான ஆசிரியர்களுக்கு இதில் பயிற்சி கொடுத்தார்கள். இது புத்தகம், அது மேஜை, நான் கதவை நோக்கி நடக்கிறேன். கதவு எங்கே என்று எல்லோருக்கும் தெரியும். அவர் நடப்பதும் கண்ணுக்குத் தெரிகிறது. பிறகு அதை ஏன் சொல்ல வேண்டும் என்று ஒரு பிள்ளையும் கேட்கவில்லை, பாவம்.

இதே மாதிரியான பாடத்திட்டம்தான் பிஜித் தீவிலும் நடந்துவந்தது. கரும்புத் தோட்டத்துப் பெண்களைப் பற்றிப் பாரதியார் பாடினாரே, அந்தப் பிஜிதான். அங்கே அப்போது கிராமத்துப் பிள்ளைகள் முதல் மூன்று வருஷம் தாய்மொழியில் படித்தார்கள். நாலாம் வகுப்பிலிருந்து கணக்கு முதல் பூகோளம் வரை எல்லாம் இங்கிலீஷில். இங்கிலீஷ் வரவில்லையென்றால் படிப்பே வரவில்லை என்று ஆகிவிடும். 1980ல் வார்விக் எல்லி, பிரான்சிஸ் மங்குபாய் என்ற இருவர் அங்கே ஒரு சோதனை செய்தார்கள். எட்டுக் கிராமப் பள்ளிக்கூடங்களில் நாலாம், ஐந்தாம் வகுப்புகளுக்கு 250 படக் கதைப் புத்தகங்களைக் கொடுத்தார்கள். சில வகுப்புகளில் பிள்ளைகள் தினமும் கொஞ்ச நேரம் தாமாக மௌனமாக வாசித்தார்கள். மற்றவற்றில் ஆசிரியர் வாசித்துக் காட்ட, பிள்ளைகள் படத்தைப் பார்த்துக் கதையை ஊகித்து, பேசி, மறுநாளும் அதையே கேட்டு, தாமும் சேர்ந்து வாசித்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, வேறு நாலு பள்ளிக்கூடங்கள் பழைய பாடத்தையே தொடர்ந்தன.

எட்டு மாதத்தில், கதைப் புத்தக வகுப்புகள் வாசிப்பதிலும் காதால் கேட்டுப் புரிந்துகொள்வதிலும் வழக்கத்தைப் போல இரண்டு மடங்கு முன்னேறியிருந்தன. இருபது மாதத்துக்குப் பிறகு வித்தியாசம் இன்னும் கூடி, மொழியின் மற்றத் திறன்களுக்கும் பரவியிருந்தது. 1983ல் இதை விவரமாக வெளியிட்டார்கள்.

எனக்கு இதில் ஆச்சரியம் கொஞ்சம்தான். வாக்கியப் பயிற்சிக்காரர்களும் கதைக்காரர்களும் நம்பியிருப்பது ஒரே சாதனம்: திரும்பத் திரும்பச் சொல்வது. வகுப்பில் வாக்கியத்தைப் பத்தாவது தடவை சொல்லும்போது பையன் மணி அடிக்கக் காத்திருக்கிறான். கதையைப் பத்தாவது தடவை கேட்கிற பையனோ, ஒரு வார்த்தை மாறினால் "அப்படி இல்லை" என்று சண்டைக்கு வருகிறான். அயோத்தி எரியவில்லை, இலங்கைதான் எரிந்தது என்று தெரிந்தும் ஜனங்கள் காலட்சேபத்துக்குப் போகவில்லையா?

சோதனையில் குறை காண இடமும் இருக்கிறது. புதுப் புத்தகம் வந்த உற்சாகத்திலேயே பாதி முன்னேற்றம் வந்திருக்கலாம் என்று ஒருவர் வாதாடலாம். இருபது மாதம் கழித்தும் அந்த உற்சாகம் வடியவில்லை என்பது அதற்கு என் பதில். எனக்குள்ள அதிருப்தி வேறு. எல்லாக் கதையும் கதையல்ல. இந்த 250ல் எது கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்தது, எது புது மெருகோடு அப்படியே கிடந்தது? மதிப்பெண் அட்டவணை எனக்கு அதைச் சொல்வதில்லை. கதை எழுதுகிறவனுக்கு மற்ற எல்லாப் புள்ளிவிவரங்களையும்விட அதுதான் வேண்டும். வெஸ்ட் சொற்களை எண்ணினார், இவர்கள் மதிப்பெண்களை எண்ணினார்கள்; கிழிசலை யாராவது எண்ணியிருக்கலாம்.

சிங்கப்பூரில் இதே பாணியில் 1985ல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். நம் பக்கத்தில் நான் போய்ப் பார்த்த சில கிராமப் பள்ளிக்கூடங்களிலும் கதைப் புத்தகங்கள் இருக்கத்தான் செய்கின்றன. நல்ல படங்கள், வழவழப்பான காகிதம். தலைமையாசிரியர் அறையில் பீரோவுக்குள் இருக்கின்றன. பிள்ளைகளிடம் கொடுப்பதில்லையா என்று ஒருவரைக் கேட்டேன். "கிழித்துவிடுவார்கள் சார். ஆடிட்டில் நான் அல்லவா பதில் சொல்ல வேண்டும்?" என்றார்.