‘பேட்டில்பாட்ஸ்’ காட்டுவதும் வெட்டி எடுப்பதும்

‘இரும்புப் பட்டை இடியென முழங்க, எதிரி தூள்தூளானான்.’ உயர்நிலை மூன்று மாணவர் ஒருவர் எழுதிக் கொடுத்த கட்டுரையின் முதல் வரி இது. தலைப்பு, ‘நான் செய்ய விரும்பும் ஒரு கருவி’. வீட்டிலேயே, சுழலும் ஆயுதம் பொருத்திய சண்டை ரோபோ ஒன்றைச் செய்யப் போகிறாராம். செய்முறைக்கு ஒன்றரை வரி, மீதியெல்லாம் போர்முழக்கம். நடை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது அவருடைய குரல் இல்லை. எங்கேயோ கேட்ட குரலா இருக்கே என்று யோசித்தேன். பிறகுதான் பிடிபட்டது: ‘பேட்டில்பாட்ஸ்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் வர்ணனை!

அதனால் அந்த நிகழ்ச்சியை மறுபடியும் போட்டுப் பார்த்தேன், இந்த முறை ஒரு பாடப்பகுதியை வாசிப்பதுபோல. வாய்மொழித் தேர்வுக்குக் காணொளிகளைப் பார்த்துப் பழகும் மாணவர்களே, நீங்களும் ஒரு தடவை இப்படிப் பாருங்கள்.

அமைப்பு எளிது. தலா 250 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 113 கிலோ எடைவரை உள்ள இரண்டு ரோபோக்கள் மூன்று நிமிடம் மோதும். மோதலுக்கு முன் அறிவிப்பாளர் ஃபாரூக் தாஹீத் ஒவ்வொன்றையும் சிலேடையும் மிகையுமாக அறிமுகப்படுத்துவார். தமிழாசிரியர்களுக்கு இது புதிதில்லை, மெய்க்கீர்த்திதான்! கல்வெட்டில் அரசனுக்குச் செய்ததை இங்கே இயந்திரத்துக்குச் செய்கிறார்கள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அறிமுகம் என்ற அளவில் ரசிக்கத்தக்க பகுதி அது. சிக்கல் எங்கே என்றால், சண்டை தொடங்கிய பிறகும் நிகழ்ச்சி அந்தக் குரலை விட்டு இறங்குவதில்லை.

‘டூம்ஸ்டோன்’ என்ற ரோபோவை எடுத்துக்கொள்ளுங்கள். ரே பில்லிங்ஸ் செய்தது. முன்பக்கத்தில் கனமான பட்டை ஒன்று தரைக்கு இணையாகச் சுழலும். அது எதிரியை அடிக்கும் காட்சியை மெதுவாக ஓட்டி, திரும்பத் திரும்பக் காட்டுவார்கள். பொறி பறக்கும், பாகம் பறக்கும். ஆனால் அதே காட்சியில் டூம்ஸ்டோனைக் கவனியுங்கள். அதுவும் தூக்கி எறியப்படுகிறது. எவ்வளவு விசையோடு அடிக்கிறதோ அவ்வளவு விசை அதன்மேலும் திரும்புகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி, நீங்கள் படித்ததுதான். அப்படியானால் இதைச் செய்தவரின் உண்மையான வேலை பட்டையை வேகமாகச் சுழற்றுவது மட்டுமில்லை. தன் அடியைத் தானே தாங்கும் சட்டம், அச்சு, மின்கல இருக்கை ஆகியவற்றையும் செய்ய வேண்டும். நிகழ்ச்சி அதற்குத் தரும் நேரம் மிகக் குறைவு.

2015 இறுதிப்போட்டியில் டூம்ஸ்டோன் தோற்றது. வென்ற ‘பைட் ஃபோர்ஸ்’ ரோபோவில் அந்த ஆண்டு சுழலும் ஆயுதமே கிடையாது. அடியில் நுழைந்து, பிடித்து, தூக்கும் அமைப்பு மட்டும்தான். ‘பலத்தை மதியால் வெல்லலாம்’ என்று கட்டுரையை முடிக்க உங்களுக்குக் கை துறுதுறுக்கும். கொஞ்சம் பொறுங்கள். அடுத்த ஆண்டே டூம்ஸ்டோன் பட்டம் வென்றது. 2018இலும் 2019இலும் பைட் ஃபோர்ஸ் மறுபடி வென்றபோது, அதன் முன்பக்கத்தில் நெட்டுக்குத்தாகச் சுழலும் ஆயுதம் இருந்தது! உண்மை நடப்பு பழமொழிக்குள் அடங்க மறுக்கும் இடம் இது. தேர்வில் இந்த இடத்தை எழுதுகிற மாணவருக்கு நான் தாராளமாக மதிப்பெண் போடுவேன்.

நிகழ்ச்சி ஊட்டுகிற இன்னொரு நம்பிக்கை, வேகம் கூடினால் அடியும் கூடும் என்பது. பாதி உண்மை. சுழற்சி வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும். ஆனால் ஆயுதத்தின் பல் எதிரிக்குள் நுழைய இடம் வேண்டுமே? நிமிடத்துக்கு 6,000 சுற்று, ஒரே ஒரு பல் என்று வையுங்கள். ஒரு சுற்றுக்கு நூறில் ஒரு வினாடி. ரோபோ வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் நெருங்கினால், பல் அடுத்த முறை வருவதற்குள் அது முன்னேறும் தூரம் 3 சென்டிமீட்டர். வேகத்தை 12,000 ஆக்கி, பல்லையும் இரண்டாக்கினால் அந்தத் தூரம் முக்கால் சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். பல் ஆழமாகக் கடிக்காது, உராய்ந்துவிட்டுப் போகும். அதனால்தான் செய்கிறவர்கள் பல பல்லுக்குப் பதில் ஒற்றைப் பல்லை விரும்புகிறார்கள். இதைச் சொல்ல வர்ணனையாளருக்கு அரை நிமிடம் போதும்.

என்னை உண்மையிலேயே உறுத்துவது வேறொன்று. களத்தைச் சுற்றித் தடித்த பாலிகார்பனேட் சுவர் இருக்கிறது. ஒளி ஊடுருவுவது என்பதால் திரையில் அது இருப்பதே தெரிவதில்லை. பார்க்கிற பிள்ளைக்கு, கூட்டத்தின் நடுவே திறந்தவெளியில் சண்டை நடக்கிற மாதிரி இருக்கும். 1995இல் சான் ஃபிரான்சிஸ்கோ ‘ரோபோ வார்ஸ்’ போட்டிக்கு ஜேமி ஹைன்மன் ‘பிளெண்டோ’ என்ற ரோபோவைக் கொண்டுவந்தார். பின்னாளில் ‘மித்பஸ்டர்ஸ்’ நடத்தியவர்தான். அதன் மேலோடே சுழன்று அடிக்கும். உடைந்த துண்டுகள் தடுப்பைத் தாண்டிப் பறந்ததால், பட்டத்தில் ஒரு பங்கைக் கொடுத்து, அதைப் போட்டியிலிருந்து விலக்கிவிட்டார்கள். சுவரின் கதை இப்படித்தான் தொடங்குகிறது. என் மாணவரின் நாலு பக்கத்தில் சுவர் என்ற சொல்லே இல்லை.

அவர் வரைந்திருந்த ரோபோ சிறியது, அரைக் கிலோதான். 12 சென்டிமீட்டர் நீளம், 60 கிராம் எடையில் பட்டை, நிமிடத்துக்கு 10,000 சுற்று. சின்னதுதானே என்று விட்டுவிடாதீர்கள். கணக்குப் போட்டால் ஏறத்தாழ 40 ஜூல் வரும். ஒரு கிலோ அரிசிப் பையை நான்கு மீட்டர் உயரத்திலிருந்து போடுவதற்குச் சமம், அதுவும் ஒரு பல் முனையில். இதை வீவக வீட்டின் படுக்கையறையில் ஓட்டிப் பார்ப்பதாக எழுதியிருந்தார்.

செயங்கொண்டாரின் பரணி, வென்ற சோழர் பெயரால் அல்ல, தோற்ற கலிங்கத்தின் பெயரால் வழங்குகிறது. நிகழ்ச்சியில் எனக்குப் பிடித்த பகுதிகளும் தோற்றவர் பக்கம்தான் இருக்கின்றன: பழுதுபார்க்கும் மேசை, வளைந்துபோன அச்சு, தூக்கமில்லாத முகங்கள், அடுத்த சண்டைக்குள் முடிக்க வேண்டிய வேலை. சில நொடிதான் காட்டுவார்கள். ஆசிரியர்கள் அந்த நொடிகளை நிறுத்திவைத்து, ‘இங்கே என்ன நடந்திருக்கும், எழுதுங்கள்’ என்று கேளுங்கள். சண்டைக் காட்சியைப் பற்றி எழுதச் சொன்னால் இடியும் மின்னலும்தான் கிடைக்கும்.

“அப்போ செய்யவே கூடாதா டீச்சர்?” என்று கேட்டார் மாணவர். செய்யலாம் என்றேன். முதலில் ஆயுதமே இல்லாமல், சக்கரம் மட்டும். ரிமோட்டின் தொடர்பு அறுந்தால் தானாக நிற்கிறதா என்று பார்த்த பிறகு மற்றது. பட்டையைப் பொருத்தியபின் வீட்டில் ஓட்டக்கூடாது. பள்ளிப் பட்டறையில், மூடிய பெட்டிக்குள், வடிவமைப்பு, தொழில்நுட்ப ஆசிரியர் பக்கத்தில் நிற்கும்போது மட்டும். லித்தியம் மின்கலத்தைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கப் போகக்கூடாது. முகம் கொஞ்சம் வாடித்தான் போனது.

இரண்டு வாரம் கழித்து இரண்டாம் வரைவு வந்தது. முதல் வரி: ‘பட்டையைப் பூட்டிவைக்கும் ஊசியைக் கடைசியாகத்தான் எடுக்க வேண்டும், ஏனென்றால் அதன்பிறகு என் கை அதன் பக்கத்தில் இருக்கக்கூடாது.’ அந்த வரியில் சிவப்புப் பேனாவுக்கு வேலை இல்லை. அடுத்த பத்தியில் மூன்று ஒற்றுப்பிழைகள்.